கூடப் போகிற ஆள்

வணக்கம் நேயர்களே. போருக்குப் பயந்து இந்தியாவுக்கு அகதிகளாகப் போய், இப்போது இலங்கைக்குத் திரும்பி வருகிற எங்கள் சனங்களை ஊரோடு எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் முப்பது ஆண்டுகள் வட இலங்கையின் வன்னிப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவள். அதிகாரி இல்லை. அதனால் கண்டதைத்தான் சொல்ல முடியும்.

1977 இனக்கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களை மலைநாட்டிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் கூட்டி வந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. கொழுந்து எடுக்கத் தெரிந்த குடும்பத்துக்குக் காடு வெட்டத் தெரியாது. இரண்டாம் நாள் பக்கத்துக் காணிக் கிழவர் ஒருவர் வந்தார். "தண்ணி இந்தப் பக்கம், பாம்பு அந்தப் பக்கம்" என்று காட்டிவிட்டு, அப்பாவை எல்லை முழுக்க நடத்திக் கூட்டிப்போனார். மறுநாள் ஊர் அலுவலரான விதானையாரிடமும் அவரே கூட்டிப்போனார். எங்களைத் தோட்டக்காட்டார் என்று ஏளனம் செய்தவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. அரிசி தந்தவர்கள் பலர், அவர்களின் முகம் எனக்கு நினைவில்லை. கூட நடந்த கிழவரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

வன்னிக்கு வந்து குடியேறியவர்களைக் கழித்துவிட்டால் இங்கே பாதி ஊர்கள் இருக்காது. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரமும் ஆட்களை இங்கே தள்ளியது. 1995 இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தவர்கள் கிளாலிக் கடல் தாண்டி வந்தார்கள். 2024 டிசம்பரில் மியன்மாரின் ரோஹிங்கியா மக்கள் நூறு பேருக்கு மேல் ஒரு படகில் முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தபோது, எங்கள் மீனவர்கள் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள். முதல் நாள் சோறு கொடுக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தாம் நாள்தான் எங்களில் ஒருவரையும் காணக் கிடைப்பதில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அந்தப் பெண் 1990இல், ஆறு வயதில், மன்னார்ப் பேசாலைக் கரையிலிருந்து வள்ளத்தில் போனவர். தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊரில் இறங்கி, பிறகு வேறொரு முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளோடு திரும்பினார். தமிழ்நாட்டில் முகாம்கள் நூற்றுக்கு மேல். 2021இல் அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும் ஆள் கணக்கெடுப்பு நிற்கவில்லை. வந்த மூன்றாம் நாள் காலை அவர் என் படலையில் நின்று கேட்டார்: "அக்கா, இங்கே எந்தத் தேதியில் கையெழுத்துப் போட வேண்டும்? வவுனியாவுக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?"

யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பஸ் ஏறும் வரைக்கும் நம்பவில்லை.

அவருடைய கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கும். ஒரு அலுவலகத்தில் அவரை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாக இருந்தது. இங்கே முழுப்பெயர் வேண்டும். நான்காம் முறை நான் கூடப் போனேன். நான் ஒன்றும் செய்யவில்லை, பக்கத்துக் கதிரையில் இருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு எழுதுவினைஞர் எழுந்து போய் மேலதிகாரியைக் கேட்டு வந்தார். முதல் முறையே கேட்டிருக்கலாம்.

தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்குள்ள பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. இலங்கைப் பிரஜை என்று பதிந்த சான்றும் வேண்டும். புறப்படும் முன்பே சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால் அலைச்சல் குறையும். பதியாமல் வந்தவர்கள், பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கும் வயது வரும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அங்கே இருக்கிற உறவுகளுக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லுங்கள். 50,000க்கு மேற்பட்டவர்கள் இன்னும் அந்த முகாம்களில் இருக்கிறார்கள்.

மூத்த மகளுக்குப் பள்ளிக்கூடம் வேறு விதமான அலைச்சல். அங்கே ஜூனில் தொடங்குகிற ஆண்டு இங்கே வழக்கமாக ஜனவரியில் தொடங்கும். அவள் இரண்டுக்கும் நடுவில் விழுந்தாள். சமயம் இங்கே கட்டாய பாடம், சிங்களமும் படிக்க வேண்டும். இவற்றை ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம். அவள் "பேசினேன்" என்றால் வகுப்பு சிரித்தது, "கதைத்தேன்" என்று சொல்ல வேண்டுமாம். அங்கே சிலோன்காரி, இங்கே இந்தியாக்காரி. ஒரு நாள் காலைக் கூட்டத்தில் அவளை மேடையில் ஏற்றி முகாம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு வகுப்பாசிரியை அவளை வலைப்பந்து அணியில் சேர்த்தார். சிரிப்பு தானாகவே நின்றது.

காணி விஷயம் பெரிய கதை, அதற்கு இன்னொரு நாள் வேண்டும். ஆனால் காணி துப்புரவாக்குவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பெண் தகப்பனின் வளவைப் பார்த்தார். ஒரே பற்றை. வெட்டிக் குவித்து நெருப்பு வைக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். மண்ணுக்குள் கண்ணிவெடி கிடக்கிறதா என்று தெரியாத நிலத்தில் நெருப்பு வைக்கக் கூடாது என்பது எங்கள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, துருப்பிடித்த இரும்புத் துண்டு, இவற்றைக் கண்டால் எப்படி விலகுவது என்று எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. முகாமில் வளர்ந்தவருக்கு அதை யார் சொன்னது? ஏற்கனவே சோதித்த நிலமா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே மண்வெட்டியை வைக்க வேண்டும். உங்கள் ஒழுங்கைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், சாப்பாட்டுப் பார்சலோடு போகிறபோது இதையும் சொல்லிவிட்டு வாருங்கள். மாடு மேய்கிற பாதை எது, பிள்ளைகள் போகக் கூடாத பக்கம் எது என்று நடந்து காட்டுங்கள்.

"ஏன் திரும்பி வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் இரவில் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். நாளைக்குக் காலை பிரதேச செயலகத்துக்கு இன்னொரு குடும்பத்தோடு போகிறேன். ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும். போட்டோக் கொப்பிக் கடை எட்டரைக்குத்தான் திறக்கும். நன்றி, வணக்கம்.