லௌண்ட்ஸ்: ஒரு கரிசல் கவுண்டியின் கதை

அவையோருக்கு வணக்கம். அமெரிக்கா என்றால் நமக்கு நியூயார்க், கலிஃபோர்னியாதான். நான் பேச வந்திருப்பது அலபாமா மாநிலத்து லௌண்ட்ஸ் கவுண்டியைப் பற்றி. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனமே 10,311 பேர்தான்.

முதலில் மண்ணைச் சொல்லிவிடுகிறேன். அங்கே பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த கருங்களி. கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம்: மழைக்குக் காலைப் பிடித்து இழுக்கும், கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு ஏற்ற மண். 1830-இல் கவுண்டி உருவானது. வெள்ளைத் தோட்டக்காரர்கள் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்தார்கள். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது, நிலம் மட்டும் கைமாறவில்லை. விடுதலையானவர்கள் அதே காட்டில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதார்கள், கடனிலும் விழுந்தார்கள்.

1965 தொடக்கத்தில் அங்கே ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூடக் கிடையாது. வெள்ளையர் பட்டியலிலோ தகுதியுள்ளவர்களைவிடப் பெயர்கள் அதிகம்! செத்தவரும் ஓட்டுப் போடுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மார்ச்சில் கறுப்பர்களுக்கு வாக்குரிமை கேட்டு, செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரிக்கு 54 மைல் நடந்தார்களே, அந்தப் பாதையின் நடுப்பகுதி இந்தக் கவுண்டிதான். சாலை குறுகல் என்று சொல்லி இங்கே 300 பேரை மட்டுமே நடக்க விட்டார்கள். பேரணி முடிந்த இரவே, ஊர்வலத்தாரைக் காரில் கொண்டுபோய் விட்டுவந்த வயோலா லியூசோ இதே சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்த வாரக்குடும்பங்களை நிலத்தைவிட்டு விரட்டினார்கள். நெடுஞ்சாலை ஓரமே கூடாரம் அடித்து இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். சொந்தமாகக் கட்சியும் கண்டார்கள், சின்னம் கருஞ்சிறுத்தை. கலிஃபோர்னியாவில் பிறந்த, கறுப்பர் உரிமைக்கான ‘பிளாக் பேந்தர்’ கட்சிக்குச் சின்னம் போனது இந்தப் பட்டிக்காட்டிலிருந்துதான். 1966 தேர்தலில் தோற்றார்கள். 1970-இல் கட்சியை முன்னின்று நடத்திய ஜான் ஹியூலட்டே ஷெரீஃப், அதாவது கவுண்டியின் தலைமைக் காவல் அதிகாரி, ஆனார்.

வழக்கமாகக் கதையை இங்கே நிறுத்திக் கைதட்டுவோம். ஆனால் மண் அங்கேயேதானே இருக்கிறது? நாட்டுப்புறத்தில் பாதாளச் சாக்கடை இல்லை. சாதாரண செப்டிக் டேங்க் தண்ணீரை அந்தக் களி இழுக்காது. மழை பிடித்தால் கழிவு வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும். வேறு மண் கொட்டி மேடு கட்டினால் வேலை செய்யும். அதற்குப் பல ஆயிரம் டாலர் வேண்டும். இல்லாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கழிவறையிலிருந்து நேரே கொல்லைக்கு விட்டார்கள். மாநில அரசு அவர்கள்மேல் வழக்குப் போட்டது. தொட்டிக்கு வழியில்லாதவனுக்கு அபராதம். இதை என்ன நியாயம் என்பது?

2017-இல் வெளியான ஆய்வில் 55 பேரைச் சோதித்ததில் 19 பேருக்கு, மலம் கலந்த மண்ணிலிருந்து உடம்பில் ஏறும் குடல்புழுவான கொக்கிப்புழுத் தொற்றின் தடயம். அந்த மண்ணில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் விடாமல் பேசினார். 2021-இல் மத்திய அரசின் நீதி அமைச்சகம் விசாரணையில் இறங்கியது. அபராதம் போடுவதை நிறுத்தி, தொட்டி அமைத்துத் தர 2023-இல் மாநிலம் ஒப்புக்கொண்டது. 2025 ஏப்ரலில் மத்தியில் வந்த புதிய அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. எல்லா இனத்தாருக்கும் சம இடம் என்னும் பன்மைத்துவக் கொள்கையின் பெயரில் செய்த சட்டவிரோத ஏற்பாடு என்பது அவர்கள் சொன்ன காரணம். கையில் உள்ள நிதி தீரும்வரை தொட்டி போடுவோம் என்றது மாநில சுகாதாரத் துறை.