வெயிலில் சாகும் களை

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒளிச்சேர்க்கையின் ஒளிவினையை, அதாவது இலை வெயிலைப் பிடிக்கிற முதல் கட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் உடுமலை, பல்லடம் பக்கத்து மக்காச்சோளக்காரர்களாக உட்கார்ந்திருப்பதால் பாடப்புத்தகப் படத்தை விட்டுவிடுகிறேன். விதைத்த கையோடு அட்ரசின் களைக்கொல்லி அடித்தும் “களை முளைக்குதுங்களே” என்று கேட்பீர்கள் அல்லவா, அங்கிருந்து போவோம். அட்ரசின் விதையை முளைக்க விடும். பச்சை பிடித்த பிறகுதான் அதற்கு வேலை.

பச்சையத்தின்மேல் ஒளி பட்டதும் அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் கிளம்பிவிடுகிறது. போனதற்கு ஈடு தண்ணீரிலிருந்து வருகிறது. நாலு மாங்கனீசு அணுவும் ஒரு கால்சியம் அணுவும் ஆக்சிஜனோடு பிணைந்த சின்னக் கொத்து ஒன்று உண்டு. நாலு எலக்ட்ரான் போனால் அது இரண்டு தண்ணீர் மூலக்கூறைப் பிளந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே விடும். இந்த ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதாகத்தான் ரொம்ப காலம் நம்பினார்கள். 1941இல் ரூபன், கேமன் குழுவினர் கன ஆக்சிஜன் (எடை கூடின ஆக்சிஜன் அணு) உள்ள தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த வாயுவிலும் அதே கனம்!

கிளம்பிய எலக்ட்ரான் எங்கே போகும்? டி1 என்ற புரதத்தில் ஒரு குழி. எலக்ட்ரானைச் சுமக்கிற பிளாஸ்டோகுவினோன் என்ற மூலக்கூறு அதில் வந்து உட்கார்ந்து, இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு புறப்படும். அப்புறம் கைமாறிக் கைமாறித்தான் ஆற்றலைச் சுமக்கிற ஏடிபி, என்ஏடிபிஹெச் என்ற இரண்டு மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. சர்க்கரை செய்ய இரண்டும் வேண்டும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அட்ரசின் அந்தக் குழியைப் பிடித்துக்கொள்கிறது.

சரி, சர்க்கரை இல்லாமல் களை பட்டினியில் சாகிறதா? பட்டினிச் சாவுக்கு நாளாகும். அதற்கு முன்பே வெயில் கொன்றுவிடுகிறது. வாங்கிய ஒளியை இறக்க வழியில்லாத பச்சையம் அதைப் பக்கத்து ஆக்சிஜன்மேல் தள்ளிவிடும். வெறி பிடித்த அந்த ஆக்சிஜன் சவ்வுகளைச் சிதைத்துவிடும். மருந்து பிடித்த சாரணையைக் குனிந்து பாருங்கள்: இலை ஓரம் முதலில் வெளுக்கும், பிறகு கருகும். வேர் உறிஞ்சிய மருந்து தண்ணீரோடு ஏறி ஓரத்தில் சேர்வதால் அப்படி. அதே செடியை இருட்டில் வைத்தால் இந்தக் கருகல் வராது.

மக்காச்சோளத்துக்கும் அதே குழிதான். ஆனால் அது அட்ரசினைத் தன் செல்லிலேயே இருக்கிற குளுட்டாதயோன் என்ற மூலக்கூறோடு கட்டி முறித்துவிடுகிறது. களைகளில் சில வேறு தந்திரம் வைத்திருக்கின்றன: டி1 புரதத்தின் 264ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் என்ற வேறு அமினோ அமிலம். மருந்து அந்தக் குழியில் ஒட்டாது. என்ன, எலக்ட்ரானும் மெதுவாகத்தான் நகரும். அத்தகைய செடி பெரும்பாலும் சோனியாகத்தான் வளரும்.

ஒன்று மறக்காதீர்கள். மக்காச்சோளத்துக்குள் தட்டைப்பயறோ உளுந்தோ ஊடுபயிராகப் போடுகிறவர்கள் அட்ரசினைத் தொடவே வேண்டாம். மக்காச்சோளம் முறிக்கிற வேகத்தில் பயறு வகையால் முறிக்க முடியாது. ஊடுபயிர் இருந்தால் என்ன மருந்து என்று கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் தனியாகவே இருக்கிறது, பார்த்து வாங்குங்க.