மலையூர்த் தோட்டத்தில் அசேலியா

நேயர்களுக்கு வணக்கம். உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற மலையூர்களில், கடும் வெயிலும் கடுங்குளிரும் நெடுநாள் நீடிக்காத இடங்களில், அசேலியா என்னும் பூச்செடியை வளர்ப்பது பற்றி இன்று பேசுகிறேன்.

நீலகிரிச் சோலைக்காடுகளின் விளிம்பில் சிவந்த பூங்கொத்துகளோடு நிற்கும் ரோடோடென்ட்ரான் மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அசேலியாவும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் நாம் தோட்டங்களில் வைக்கும் புதர் வகைகளில் பெரும்பாலானவை சீனாவிலும் ஜப்பானிலும் இயற்கையாக வளர்ந்தவற்றின் வழிவந்தவை. மண்ணின் கார அமில நிலை (pH) 4.5 முதல் 6 வரை, அதாவது அமிலத்தன்மையோடு, இருந்தால் இச்செடிக்குப் போதும். தேயிலை செழிக்கும் மண் அசேலியாவுக்கும் ஏற்றது என்று துணிந்து சொல்லலாம்.

இச்செடியின் நலமும் கேடும் பெரும்பாலும் வேரில்தான் இருக்கின்றன. அதன் வேர்கள் மயிரிழைபோல் மெல்லியவை. ஆழம் தேடாமல் மேல்மண்ணிலேயே பரவுபவை. ஆகவே வேர்க்கட்டியின், அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டையின், மேற்பரப்பு தரைமட்டத்திற்குச் சற்று உயர்ந்திருக்கும்படி நட வேண்டும். சுற்றிலும் களைக்கொத்தால் கிளறாமல், பைன் ஊசியிலைகளை இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் இடைவெளி விட வேண்டும். நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் செடியின் வேர்கள் தொட்டியின் உட்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கும். அந்தப் பின்னலைக் கத்தியால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் கீறி விடாவிட்டால், சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போதே உள்ளே வேர்க்கட்டி காய்ந்து செடி வாடிவிடும். பலர் அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது வேரழுகலில் போய் முடியும்.

இலை மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால், மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டதால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று கொள்ளலாம். நல்லதென்று நினைத்து நாம் போடும் அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் இதற்குக் காரணமாகலாம். சுண்ணாம்பு அடித்த சுவரின் ஓரத்தில் நட்டாலும், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினாலும் அதே கதைதான். பிடித்து வைத்த மழைநீர் மிக நல்லது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடமே சிறந்தது. நாள் முழுதும் வெயில் பட்டால், இலையின் மேல் வெளிர்ப்புள்ளிகளும் அடியில் கருந்துளிகளுமாகச் சாறுறிஞ்சும் பூச்சியின் தொல்லை கூடும்.

வீட்டுக்குள் வளர்க்க விரும்புவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பூமொட்டு உருவான பின் ஒன்றிரண்டு மாதங்கள் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிர்ச்சி கிடைத்தால்தான் மொட்டுகள் சீராக விரியும். ஆண்டு முழுதும் கதகதப்பான அறையில் இருக்கும் தொட்டிச் செடி இலையை மட்டுமே காட்டுவதன் காரணம் இதுவே. எனவே குளிர்காலத்தில் தொட்டியை வெளியே வைத்து, உறைபனி விழும் இரவுகளில், மலையூர்த் தோட்டங்களில் பனிக்காப்பாகப் போர்த்தும் மிலார் செடிகளாலோ சாக்காலோ மூடி, மொட்டில் நிறம் தெரிந்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். கணப்படுப்பிலிருந்து தள்ளி, சன்னலருகே வைத்தால் பூக்கள் சில வாரங்கள் நிற்கும். குளிர்காலத்திலும் புழுங்கும் சமவெளி ஊர்களில் இருப்போர், பூவோடு வாங்கிப் பூ முடியும்வரை வைத்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

கவாத்துக்குரிய காலம் பூ உதிர்ந்ததை அடுத்த சில வாரங்கள் மட்டுமே. தாமதித்து வெட்டினால் அடுத்த ஆண்டின் மொட்டுகளையே வெட்டுகிறோம். வெட்டிய கிளைகளை ஆடுமாடு மேயும் இடத்தில் எறிந்துவிடாதீர்கள். இலை, பூ, தேன் என அசேலியாவின் எல்லாப் பகுதிகளிலும் நச்சுப்பொருள் உண்டு. குழந்தைகள் பூவை வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வணக்கம்.