புல்லு புதுசு, மைதானம் பழசு: சந்தேகங்களுக்கு விளக்கம்

போன வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு இன்னும் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கு. ஒரு நேயர் கேக்கறாங்க: "சிட்னியில பழைய தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பாரம்பரியச் சின்னம்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன். நார்த் சிட்னி ஓவல் மைதானத்துல என்ன இருக்கு? புல்லு. அதையும் மாத்திக்கிட்டே இருக்காங்க. கேலரிகூட வேற இடத்துலேர்ந்து கொண்டுவந்தது. அப்போ எதுதான் பழசு?"

என்ன அருமையான கேள்வி பாருங்க!

ஓவல்னதும் சில பேருக்கு லண்டன் மைதானம்தான் ஞாபகம் வரும். ஆஸ்திரேலியாவுல அப்படியில்ல, பேட்டைக்குப் பேட்டை ஒரு ஓவல் இருக்கும். கோடையில கிரிக்கெட், குளிர்காலத்துல ஃபுட்பால். நான் சொல்ற இது துறைமுகப் பாலத்துக்கு வடக்கே, செயின்ட் லெனார்ட்ஸ் பூங்காவுக்குள்ள இருக்கு. அந்தப் பகுதியோட பூர்வகுடிகளான கேமரேகல் மக்களோட மண் அது. 1867-ல பூங்காவா ஒதுக்கினாங்க, அந்த வருஷமே கிரிக்கெட்டும் ஆரம்பிச்சாச்சு.

வழக்கமா பாக்கறவங்களுக்குத் தெரியும், நான் எங்கெங்க சுத்தினாலும் 'புழக்கம்'ங்கற சொல்லுல வந்து நிப்பேன். கோயில் குளம் பத்திப் பேசினப்பவும் அதைத்தான் சொன்னேன். தண்ணி ஒவ்வொரு மழைக்கும் புதுசு, குளம் பழசு. இங்க புல்லுதான் அந்தத் தண்ணி. நூத்தம்பது வருஷமா சனிக்கிழமையானா இங்க யாரோ பந்து போடறாங்க, யாரோ வேலியில சாஞ்சு பாக்கறாங்க. அதுதாங்க பழசு.

இதை நான் மட்டும் சொல்லல. தெற்கு ஆஸ்திரேலியாவுல பர்ரான்னு ஒரு பழைய செம்புச் சுரங்க ஊர். 1979-ல அங்க வெச்சு பாரம்பரிய இடங்களைப் பேணறதுக்கு ஒரு சாசனம் ஏத்துக்கிட்டாங்க. பர்ரா சாசனம்னே பேரு. ஒரு இடத்துக்குப் பெருமையே அதோட பயன்பாட்டாலதான்னா, அந்தப் பயன்பாடு தொடரணும்னு அதுல இருக்கு. புழக்கம்! படிச்சப்போ அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு எனக்கு.

கேலரி விஷயத்துக்கு வரேன். 'பாப் ஸ்டாண்ட்'னு பேரு. பாப்ன்னா பேச்சுவழக்குல ஒரு ஷில்லிங். ஒரு ஷில்லிங் குடுத்தா உக்காரலாம். முதல்ல சிட்னி கிரிக்கெட் மைதானத்துல இருந்தது. 1980-கள்ல அங்க புதுசு கட்டறப்போ இதைப் பிரிச்சு இங்க கொண்டுவந்து நிறுத்தினாங்க. பர்ரா சாசனம் இடம்பெயர்க்கறதை லேசுல ஒத்துக்காது, காப்பாத்த வேற வழியே இல்லன்னாதான். நேயர் சொல்றதுல இந்தப் பங்கு நியாயம் இருக்கு.

ஆனா ஒரு தடவை அந்த ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். பக்கத்துல எண்பது வயசு இருக்கும், ஒரு அம்மா. மடியில ஃபிளாஸ்க். பலகையைத் தடவிக்கிட்டே சொன்னாங்க, "சின்னப் பொண்ணா எங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு டிராம் ஏறிப் போய் இதுலதான் உக்காருவேன். இப்போ இது என் வீட்டுப் பக்கத்துக்கே வந்திருச்சு." அவங்க விரல் பட்ட இடத்துல பெயின்ட் அடுக்கடுக்கா இருந்துச்சு, ஒரு ஓரத்துல உரிஞ்சு அடிமரம் தெரிஞ்சது. அந்தப் பலகை பரண்ல கிடந்திருந்தா அந்த அம்மா அதுல எப்படி உக்காருவாங்க?

வெள்ளை மரவேலிக்கு வெளிய மோர்ட்டன் பே அத்தி மரங்களும் இருக்கு. நம்ம ஆலமரத்துக்கு உறவுதான். வேர் ஒவ்வொண்ணும் சுவர் மாதிரி எழும்பி நிக்கும், குழந்தைங்க அதுக்குள்ள ஒளிஞ்சு விளையாடும். இதைப் பத்தியே தனியா ஒரு நாள் பேசணும்.

நேயர் இன்னொண்ணு கேட்டிருக்கலாம்னு தோணுது. பாரம்பரியம்னு சொல்லிட்டா அந்தக் கணக்கு முடிஞ்சிருச்சா? புதுசா எதுவும் சேராதா? இதைக் கேட்டிருந்தா ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். 2017 நவம்பர்ல பெண்களுக்கான முதல் பகலிரவு டெஸ்ட் மேட்ச் எங்க நடந்தது? இதே மைதானத்துல. ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும். ஆஸ்திரேலியாவோட எலிஸ் பெர்ரி 194-ல நின்னுக்கிட்டு ஒண்ணைத் தூக்கி அடிச்சாங்க. சிக்ஸர்னு நினைச்சு, இரட்டைச் சதம் வந்திருச்சுன்னு குதிச்சு மட்டையை உயர்த்திட்டாங்க. கூட்டமும் எழுந்து கத்துது. திரும்பப் போட்டுப் பாத்தா பந்து எல்லைக் கயித்துக்குக் கொஞ்சம் உள்ளயே விழுந்திருக்கு. நாலுதான். சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்து நின்னாங்க, கொஞ்ச நேரத்துல இன்னொரு பவுண்டரி அடிச்சாங்க, கூட்டம் மறுபடியும் எழுந்துச்சு. கடைசிவரை அவுட்டே ஆகல, 213.

1867-ல ஆரம்பிச்ச மைதானம், 2017-ல அப்படி ஒரு சாயங்காலம். அந்தக் கயிறு கிடந்த இடத்துல போன சனிக்கிழமை போய் நின்னு பாத்தேன். ஒரு சின்னப் பொண்ணு, பேடு முட்டிக்கு மேல வருது, அவங்கப்பா மெதுவா உருட்டிவிட்ட பந்தை அடிச்சுட்டு மட்டையை உயர்த்திக் காட்டினா.

சரி, அடுத்த கேள்வி.