போகும் ஊரின் நோய், கொண்டுபோகும் நோய்

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் வந்து தலைமை ஏற்றிருக்கும் சுபேதார் மேஜர் ஐயா அவர்களே, பணி முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் அரசு மருத்துவமனை டாக்டர் அம்மா அவர்களே, பந்தல் முதல் நீர்மோர் வரை பார்த்துப் பார்த்துச் செய்த இளைஞர் மன்றத் தம்பிகளே, சீருடை அணிந்து நாட்டைக் காத்த பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார்கள். இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. ஒரு படையை வெளியூருக்கு அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். போகும் இடத்தில் என்ன நோய் இருக்கிறது? போகிறவர் உடம்பில் அதற்குத் தடுப்பு இருக்கிறதா? போகிறவர்கள் எந்த நோயைக் கொண்டுபோகிறார்கள்?

முதல் கேள்விக்கு இரண்டாம் உலகப் போரின் பர்மா முனையே சாட்சி. நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை வீரர்களும் போரிட்ட முனை அது. 1943-ல் அங்கே காயம்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருவர் என்றால், நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர்! அங்கே தலைமை தாங்கிய பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் என்ன செய்தார்? மலேரியாவைத் தடுக்கும், ஆனால் தோலே மஞ்சளாகிவிடும் மெபாக்ரின் மாத்திரையை வீரர்களை விழுங்கவைக்கும் பொறுப்பை அதிகாரிகள் தலையில் வைத்தார். திடீர்ச் சோதனை நடத்தினார். மாத்திரை ஒழுங்காகப் போடாத பிரிவுகளின் தலைமை அதிகாரிகள் மூன்று பேரைப் பதவியிலிருந்தே தூக்கினார். மலேரியா இறங்கியது. இரண்டாவது கேள்வியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் பூகம்பம். தலைநகரமே இடிந்து கிடந்தது. அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படைக்கு நேபாளத்திலிருந்து புதிய வீரர்கள் போனார்கள். அந்த ஆண்டு நேபாளத்தில் காலரா இருந்தது. ஹைட்டியிலோ நூறாண்டுகளாகக் காலரா பதிவானதே இல்லை. காலராக் கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு வயிறுகூட வலிக்காது, தாய்மார்களே! ஆள் கல்லுப்போல நடமாடுவார். அறிகுறி இல்லாதவருக்கு மலப்பரிசோதனை கட்டாயமாகவும் இல்லை. சரி, முகாமிலாவது கழிப்பறை ஒழுங்காக இருந்ததா? மீர்பாலே ஊருக்குப் பக்கத்தில் முகாம். பின்னாலேயே ஓடை. முகாமின் மலக்கழிவைக் கொட்டியது திறந்த குழியில். மழை பெய்தால் குழி நிரம்பி வழியும். அந்த ஓடைதான் ஆர்டிபோனிட் என்ற பெரிய ஆற்றோடு கலக்கிறது. அதில்தான் மக்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், குடிக்கவும் மொண்டார்கள். சில நாளில் ஆற்றோரம் முழுக்க வாந்தி பேதி. எட்டு லட்சம் பேருக்கு நோய். சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2016-ல்தான் ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்புக் கேட்டார்.

அந்த வீரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் உதவப் போனவர்கள். குழியை மூடாமல் விட்டவர்கள் மேல்தான் கோபம். வெள்ளம் வருமுன் அணை போட்டிருந்தால், ஒரு பரிசோதனையும் ஒழுங்கான கழிவுத்தொட்டியும் போதுமே!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். செப்டிக் டேங்க் லாரி பின்பக்கமாக வந்து நிற்கும். ஓட்டுநர் இறங்கிக் குழாயைத் திறப்பார். பத்து நிமிடத்தில் லாரி காலி. கரையில் கறுப்பாக ஒரு தடம், மேலே ஈ. அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் நம் குடிநீர்க் கிணறு! மீர்பாலேயில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நகர்மன்றத் தலைவர் அம்மா இங்கேயே இருக்கிறார்கள். உரிமையோடு கேட்கிறேன்: ஒவ்வொரு லாரியிலும் ஜி.பி.எஸ். வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கு ரசீது காட்டினால்தான் அடுத்த நடைக்கு அனுமதி என்று உத்தரவு போடுங்கள் அம்மா. ஸ்லிம் செய்ததுபோல, நடக்காவிட்டால் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து சுபேதார் மேஜர் ஐயா போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை நகராட்சி அலுவலகத்தில் கொடுக்கிறோம். வரக்கூடியவர்கள் பத்து மணிக்கு வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.