டிரான்ஸ்ஃபார்மர் வாங்குமுன்: முதலில் வோல்ட், பிறகு கேவிஏ

[காட்சி: சிங்கப்பூர் துவாஸில் ஒரு பட்டறை. மரப்பெட்டியிலிருந்து இறக்கிய மெஷின். கேமரா மெதுவாக நேம்பிளேட்டை நெருங்குகிறது.]

குரல்: ஜப்பானிலிருந்து வந்த சிஎன்சி மெஷின் இது. நேம்பிளேட்டில் 3 ஃபேஸ், 200 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 18 கேவிஏ என்று இருக்கிறது. கேவிஏ என்றால் மெஷின் இழுக்கும் மின்சுமையின் அளவு. பட்டறையின் டிபி போர்டில், அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பலகையில், இருப்பதோ 400 வோல்ட். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதில் குழப்பமில்லை. ஆனால் கடைக்குப் போனதும் "எத்தனை கேவிஏ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கேவிஏ கூடிப்போனால் கொஞ்சம் பணம் வீணாகும். வோல்ட் பிசகினால் மெஷினின் டிரைவ் கார்டு போய்விடும்.

[காட்சி: மல்ட்டிமீட்டர். 398, 401, 394 என்று எண்கள் மாறுகின்றன.]

குரல்: சிங்கப்பூரில் வீட்டுக்கும் பட்டறைக்கும் வரும் மின்சாரம் 3 ஃபேஸில் 400 வோல்ட், ஒரு ஃபேஸில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 376 முதல் 424 வரை எது வந்தாலும் முறையான சப்ளைதான். 400-க்கு 200 என்ற டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினால் அந்தப் பக்கம் 188 முதல் 212 வரை வரும். ஆனால் இது லோடு இல்லாதபோது வரும் கணக்கு.

லோடு ஏறினால் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே வோல்ட் கொஞ்சம் விழும். இந்த அளவு மெஷினுக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சப்ளை 376-ல் இருக்கும் நேரத்தில் 188 என்பது 182 ஆகிவிடும். மெஷின் 200-க்கு 10 சதவீதம் கீழே, அதாவது 180 வரை தாங்கும். மீதி இருப்பது 2 வோல்ட். கேபிள் நீளமாக இருந்தால் அதுவும் போச்சு. மதியம் மட்டும் "அண்டர்வோல்டேஜ்" அலாரம் அடிப்பதும், ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

[காட்சி: இரண்டு நேம்பிளேட்டுகள் பக்கத்தில் பக்கத்தில்.]

குரல்: இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. "200 வோல்ட்" என்று இரண்டு நேம்பிளேட்டிலும் இருக்கும், பொருள் மட்டும் வேறு. ஐஇசி என்ற சர்வதேச அமைப்பின் 60076 தரத்தில் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மரில் அது லோடு இல்லாதபோது வரும் வோல்ட். ஐஇசி 61558 தரத்தில் செய்த சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் அது முழு லோடில் வரும் வோல்ட், லோடு இல்லாமல் அளந்தால் 206-க்கு மேல் காட்டலாம். எனவே ஆர்டரில் "செகண்டரி 200 வோல்ட்" என்று மட்டும் எழுதாதீர்கள் (மெஷினுக்குப் போகும் பக்கம் செகண்டரி, சப்ளை வரும் பக்கம் பிரைமரி). "முழு லோடில் 200" அல்லது "லோடு இல்லாமல் 206" என்று எழுதுங்கள். ஒரே ஒரு சொல் கூடுதல், செலவு எதுவும் இல்லை.

பிரைமரி பக்கம் 380, 400, 420 என்று டேப், அதாவது வோல்ட்டைச் சரிசெய்யச் சுருளில் உள்ள இணைப்பு முனைகள், இருக்கட்டும். டேப் மாற்றுவதில் அனுபவசாலிகளுக்கே கை தடுமாறும். செகண்டரியில் வோல்ட் குறைவாக இருந்தால் பிரைமரியில் சிறிய எண்ணுள்ள டேப்புக்குப் போக வேண்டும். சப்ளை எப்போதும் 392 காட்டுகிறது என்றால் 380 டேப்பில் மாட்டுங்கள், 206 வரும். "வோல்ட் போதவில்லை, பெரிய எண்ணில் போடு" என்று 420-க்கு மாற்றினால் 187 ஆகிவிடும்.

[காட்சி: வெள்ளைப் பலகையில் இரண்டு சுருள்களின் படம்.]

குரல்: இப்போது கேவிஏ. மெஷின் 18 என்றால் 25 கேவிஏ எடுக்கலாம். பிரைமரியில் 36 ஆம்ப், செகண்டரியில் 72 ஆம்ப். ஆன் செய்யும் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தன் வழக்கமான கரண்டைப் போல எட்டு, பத்து மடங்கை இழுக்கும். சி வகை பிரேக்கர் இதில் விழுந்துவிடலாம். இந்தத் திடீர் கரண்டைத் தாங்கும் டி வகை வையுங்கள்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் விலை மலிவு, அளவும் சிறியது. 400-ஐ 200 ஆக்க ஏறக்குறைய பாதி இரும்பும் பாதி செம்பும் போதும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சுருள். பொதுமுனை எங்காவது அறுந்தால் 200 வோல்ட் மெஷினுக்குள் 400-ன் பக்கம் நுழைந்துவிடும். விலை உயர்ந்த கன்ட்ரோலர் உள்ள மெஷினுக்கு இதில் மிச்சம் பிடிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தனிச் சுருள் உள்ளதை வாங்கி, செகண்டரியின் மூன்று சுருள்களையும் ஒரு முனையில் சேர்த்து ஸ்டாராக வைத்து, அந்தச் சந்திப்பான நியூட்ரலை எர்த் செய்யுங்கள். எர்த் செய்யாமல் மிதக்க விட்டால் முதல் கோளாறு வரும்போது எந்த பிரேக்கரும் விழாது. மேலே டிபியில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபிக்கும் அது தெரியாது.

[காட்சி: பழைய டிரான்ஸ்ஃபார்மர், அமெரிக்க நேம்பிளேட். 480 – 240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 30 கேவிஏ.]

குரல்: பழைய சாமான் கடைகளில் இந்த மாதிரி ஒன்று கண்ணில் படும். 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஒதுக்கிவிடுகிறோம். ஒரு நிமிடம். கோர் என்ற நடு இரும்புக்குள் காந்தம் எவ்வளவு ஏறும் என்பதை வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பார்க்கலாம். 480-ஐ 60-ஆல் வகுத்தால் 8. நம் 400-ஐ 50-ஆல் வகுத்தாலும் 8. ஆகவே 480 முனையில் நம் 400-ஐக் கொடுத்தால் கோர் நிம்மதியாக இருக்கும், வெளியே வருவது சரியாக 200! கம்பி தாங்கும் கரண்ட் மாறாது, வோல்ட் குறைகிறது. அதனால் 30 கேவிஏ இங்கே 25 கேவிஏ ஆகிவிடும். நம் மெஷினுக்கு அதுவே போதும்.

இரண்டு எச்சரிக்கை. நேம்பிளேட்டில் 240 இல்லாமல் 208 என்றிருந்தால் கிடைப்பது 173 வோல்ட்தான், வேண்டாம். செகண்டரி, சுருள்கள் முக்கோணமாக இணைந்த டெல்டாவாக இருந்தால் எர்த் செய்ய நியூட்ரல் கிடைக்காது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இதையே தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின் வந்ததும் 400-ஐ 480 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி ஓடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸில் 480 கொடுத்தால் மோட்டாரில் காந்தம் 20 சதவீதம் கூடி, கோர் காந்தத்தால் நிரம்பி சேச்சுரேட் ஆகி, ஓசை எழுப்பிச் சூடேறும். நேரடி மோட்டாராக இருந்தால் 400 வோல்ட்டிலேயே ஓட்டலாம். 1750 சுற்று 1450 அளவுக்கு இறங்கும், கூலன்ட் பம்ப்பின் வேகமும் அதே அளவு குறையும். ஹீட்டர் மட்டும் என்றால் 480-ஆக ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். 400-ல் அதன் வெப்பம் 69 சதவீதம்தான். உள்ளே இன்வெர்ட்டர் டிரைவ் இருந்தால் அதன் லேபிளைப் படியுங்கள். 380 முதல் 480 வரை, 50/60 என்று இருந்தால் அந்த டிரைவுக்கு டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம்.

[காட்சி: சமையலறை மேசை. சின்ன ஸ்டெப்-டவுன் பெட்டி.]

குரல்: வீட்டுக்கு வருவோம், சீக்கிரம் முடித்துவிடலாம். ஜப்பான் ரைஸ் குக்கருக்கு 100 வோல்ட், அமெரிக்க மிக்சருக்கு 120. கடையில் கிடைக்கும் பெட்டி பெரும்பாலும் 110. அமெரிக்கப் பொருளுக்கு அது போதும். ஜப்பான் குக்கருக்கு 10 சதவீதம் கூடுதல், அதன் வெப்பம் 21 சதவீதம் ஏறும். 100 வோல்ட் முனை உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். 1300 வாட் குக்கருக்கு 1500 விஏ பெட்டி மட்டுமட்டு, 2000 எடுங்கள்.

[காட்சி: கட்டடத்தின் அடித்தளம். காஸ்ட் ரெசின் டிரான்ஸ்ஃபார்மர், கதவில் எச்சரிக்கைப் பலகை.]

குரல்: இனி பெரியவர். 22 கிலோவோல்ட்டில் சப்ளை வாங்கும் கட்டடம், 1000 கேவிஏ. தமிழ்நாட்டில் வேலை பழகியவர்கள் யோசிக்காமல் "22 கேவி – 433 வோல்ட்" என்று எழுதிவிடுவார்கள். நீண்ட லைன்களும் ஏறி இறங்கும் வோல்ட்டும் உள்ள அங்கே 433 பொருந்தும். இங்கே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

லோடு இல்லாமல் 400 என்று ஆர்டர் செய்தால் என்ன ஆகும்? இம்பீடன்ஸ் (கரண்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் காட்டும் உள்தடை) 6 சதவீதம், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கேவிஏவில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.8 என்றால் முழு லோடில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் விழும், 383 ஆகிவிடும். கேபிளில் சிங்கப்பூரின் மின் நிறுவல் விதித்தொகுப்பான எஸ்எஸ் 638 அனுமதிக்கும் 4 சதவீதமும் விழுந்தால் கடைசி மோட்டாருக்கு 367. இது போதாது. 433 என்று ஆர்டர் செய்தால் லோடே இல்லாத ஞாயிறு இரவில் ஒரு ஃபேஸில் 250 வோல்ட், 22 கேவி பக்கம் சற்று ஏறினால் அதற்கும் மேல். எல்இடி டிரைவர்கள் அடிக்கடி போவதற்கு இதுவும் ஒரு காரணம். கேபிள் நீளம் குறைவான கட்டடத்துக்கு 415-ஐ எடுத்து, மீதியை டேப்பில் சரிசெய்வது எங்கள் விருப்பம்.

டேப்புகள் வழக்கமாக 23,100, 22,550, 22,000, 21,450, 20,900. சுருளை ரெசினில் வார்த்த காஸ்ட் ரெசின் வகையில் இவை போல்ட்டால் மாட்டும் இணைப்புகள். 22 கேவியை நிறுத்தி, எர்த் செய்த பிறகே தொட வேண்டும், மூன்று ஃபேஸிலும் ஒரே இடத்தில் மாட்ட வேண்டும்.

வோல்ட்டோடு இன்சுலேஷனையும் எழுதுங்கள். 22 கேவிக்கு 24 கேவி வகுப்பு, சோதனை 50 கேவி, இடி அலைக்கு 125 கேவி. இன்னொன்று, ஐஇசி கணக்கு ஆண்டுச் சராசரி 20 டிகிரி உள்ள ஊருக்கானது. சிங்கப்பூரில் சராசரி 27-ஐத் தாண்டுகிறது, அடித்தள அறை அதைவிடச் சூடு. எஃப் என்ற இன்சுலேஷன் வகுப்பில் உள்ள சுருளுக்கு அனுமதிக்கும் வெப்ப உயர்வு 100 கெல்வின். அதை 90 ஆகக் குறைத்துக் கேளுங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மரோடு பேரலலாக ஓடப்போகிறதா? அப்படியானால் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, பழையதன் வோல்ட், டேப், வெக்டர் குரூப் (சுருள்கள் இணைந்திருக்கும் முறை), இம்பீடன்ஸ் எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். ஒரே அளவுள்ள இரண்டில், இம்பீடன்ஸ் 5 சதவீதம் இருந்து, ஒன்று மட்டும் ஒரு டேப் தள்ளி இருந்தால் லோடே இல்லாமல் முழுக் கரண்டில் கால்பங்கு இரண்டுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும்.

[காட்சி: மீண்டும் துவாஸ் பட்டறை. உரிமம் பெற்ற மின் பணியாளர் (எல்இடபிள்யூ) பேனல் கதவைத் திறக்கிறார்.]

குரல்: இணைப்பைக் கொடுக்க வேண்டியவர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் பணியாளர். அவர் ஆன் செய்யுமுன் மெஷினின் பிரேக்கர் ஆஃபில் இருக்கட்டும். செகண்டரியில் மூன்று ஜோடியையும் அளந்து, ஒவ்வொரு ஃபேஸையும் எர்த்தோடு அளந்து பாருங்கள். ஜோடிக்கு 200 என்றால் எர்த்தோடு 115 வர வேண்டும். ஒன்று 0, மற்ற இரண்டு 200 என்றால் நியூட்ரல் எர்த் ஆகாமல் ஒரு ஃபேஸ் எர்த்தைத் தொடுகிறது. மூன்றும் சரியாக இருந்தால் மெஷினை ஓட்டி, ஸ்பிண்டில் முழு வேகத்தில் வெட்டும்போது மெஷினின் முனையிலேயே மறுபடி அளந்து, அந்த எண்ணையும் டேப் எண்ணையும் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.