பேச்சே முடித்து வைத்தது

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'நீண்ட காலத் தீவிரவாதத்தை முடிவுக்குக் கொண்டுவருவது படைபலமா, பேச்சுவார்த்தையா?' என்ற கேள்விக்குப் பேச்சுவார்த்தையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. (அயர்லாந்துக் குடியரசுப் படை) இயக்கத்தைப் பணிய வைத்தது பிரிட்டிஷ் இராணுவம்தான் என்றும், குண்டு வைப்பவனோடு பேசுவது குண்டுக்குக் கொடுக்கும் கூலி என்றும் சொல்லிவிட்டு அமர்ந்தார். அவர் எடுத்துக்காட்டிய மண்ணையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

1969-இல் அங்கே இராணுவம் இறங்கியது. 1971 ஆகஸ்டு 9 அன்று அதிகாலையில், பழைய, பிழை மலிந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 342 பேரை விசாரணையின்றிப் பிடித்தார்கள். ஏறத்தாழ அனைவரும், அயர்லாந்தோடு சேர விரும்பியோர் மிகுந்த கத்தோலிக்கச் சமூகத்தினர். அந்தச் சிறைவைப்பை எதிர்த்து 1972 ஜனவரி 30-இல் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்கள் மீது படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்தார். அதன்பின் ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆள் சேர்க்க யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 480 உயிர்கள் போயின. முப்பதாண்டு மோதலில் அதைவிடக் கொடிய ஆண்டு இல்லை. அந்தத் துப்பாக்கிச் சூடு எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாதது என்று பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2010-இல். 38 ஆண்டுகள் காத்திருந்தன அந்தக் குடும்பங்கள்.

படையும் உளவுத்துறையும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆயுதத்தால் வெல்ல முடியாது என்பதை ஐ.ஆர்.ஏ. தலைமை உணர்ந்ததில் அவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் அதே உணர்வு இலண்டனுக்கும் வந்திருந்தது. ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபெயின் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸோடு பேசுவதை நினைத்தாலே குமட்டுகிறது என்று 1993 நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன பிரதமர் ஜான் மேஜரின் அரசு, அந்தத் தரப்போடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தது அதே மாத இறுதியில் அம்பலமானது. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பேசாமல் தீராது என்று ஆட்சியில் இருந்தவர்களே அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, 1998 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். முந்தைய மாத இறுதியில் வட அயர்லாந்தின் மேஸ் சிறைக்குள் ஒரு கொலை நடந்ததையடுத்து, பிரிட்டனோடு இருக்க விரும்பும் தரப்பின் ஆயுதக் குழுக் கைதிகள் சமாதான முயற்சிக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பெற்றுத் தேறிவந்த, வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மோ மௌலம், ஊரே தூற்றியபோதும், அந்தச் சிறைக்கு நேரில் போய்க் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற கைதிகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசினார். சில மணி நேரத்தில் அவர்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 10 அன்று, புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. மே மாத வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் வாக்களித்தவர்களில் 71 விழுக்காட்டினர் அதை ஏற்றார்கள்.

இதற்குக் கொடுத்த விலை சிறியதன்று. 400-க்கும் மேற்பட்ட கைதிகள் முன்கூட்டியே விடுதலையானார்கள். தன் பிள்ளையைக் கொன்றவன் அதே தெருவில் நடந்துபோவதைப் பார்க்கும் தாய்க்கு எந்த ஒப்பந்தமும் ஆறுதல் ஆகாது. அந்த வேதனையை எதிரணியினர் எடுத்துச் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்பேன்.

ஆனால் ஒப்பந்தம் குண்டுக்குக் கூலி என்பதை ஏற்க மாட்டேன். ஐ.ஆர்.ஏ. கேட்டது ஒன்றுபட்ட அயர்லாந்து; ஒப்பந்தம் தந்ததோ, வட அயர்லாந்தின் பெரும்பான்மை மக்கள் இசையாமல் அதன் நிலை மாறாது என்ற உறுதி. ஒப்பந்தத்தை எதிர்த்துப் பிரிந்த குழு அதே ஆண்டு ஆகஸ்டில் ஓமா நகரில் குண்டு வைத்து 29 பேரைக் கொன்றபோதும் அது முறியவில்லை. 2005-இல் ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தது. 2007 மே மாதம், வாழ்நாளெல்லாம் எதிரிகளாயிருந்த பிரிட்டனோடு இருக்க விரும்பும் தரப்பின் தலைவர் இயன் பெய்ஸ்லியும் ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸும் ஒரே அரசில் பதவியேற்றார்கள். 38 ஆண்டு இராணுவ நடவடிக்கை முடிந்தது அதற்குப் பிறகு, ஜூலை 31-இல். இந்த வரிசையைக் கணக்கில் கொண்டு தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.